காற்று மாறும் கணவாய்: ஹுன்னஸ்கிரியவின் பருவங்கள்

பனி பொழியும் நாடுகளின் மலையூர்கள் தங்கள் ஆண்டைப் பனியைக் கொண்டே அளந்துகொள்கின்றன. காஷ்மீரின் குல்மார்க்கிலும் சுவிட்சர்லாந்தின் டாவோஸிலும் முதற்பனி விழுந்ததும் சறுக்குப் பலகைகளோடு வெளியூரார் வந்து இறங்குகிறார்கள். பனி உருகியபின் அவர்கள் இடத்தை மேய்ச்சல் மாடுகளும் மலையேறுவோரும் பிடித்துக்கொள்கிறார்கள். இலங்கையின் மலைநாட்டுக்குப் பனிப்பொழிவு கிடையாது. நுவரெலியாவிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் புல்மீதும் தேயிலைத் துளிர்மீதும் உறைபனி படிவதுண்டு என்றாலும், அதுவும் வெயில் ஏறியதும் மறைந்துவிடும். இதை வைத்து, மழையும் வெயிலும் தவிர வேறு பருவம் அறியாத மலைகள் இவை என்று முடிவு கட்டுவோர் பலர். அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதை அறிய விரும்புவோர், கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ26 நெடுஞ்சாலையில் தெல்தெனியவையும் மெதமகாநுவரவையும் கடந்து, ஹுன்னஸ்கிரிய என்னும் சிறு சந்தியில் இறங்கி, அங்கிருந்து வடக்கே மலைக்குள் பிரியும் குறுகிய வீதியைப் பிடித்தால் போதும்.

பெயரால் ஒரு குழப்பம் நேர இடமுண்டு. எல்கடுவவை அடுத்துள்ள ஹுன்னஸ்கிரி மலையும், அதையொட்டிய ஹுன்னஸ் அருவியும் மாத்தளைப் பக்கம் இருப்பவை. இக்கட்டுரை பேசும் ஹுன்னஸ்கிரிய, உடுதும்பறைக்குச் செல்லும் வழியில் உள்ள கடைத்தெருவூர். லூல்வத்தை, மீமுரே முதலான மலைக்கிராமங்களுக்குச் செல்வோர் கடைசியாக அரிசி, மண்ணெண்ணெய், மருந்து வாங்கிக்கொள்வது இங்கேதான் என்பதால், ஊர் சிறிதாயினும் அதன் வாசல்நிலை பெரிது. அந்த வாசலுக்கு அப்பால் எழுவது நக்கிள்ஸ் மலைத்தொடர். முட்டிபிடித்த கையின் விரல்மூட்டுகளைப் போல் தோன்றிய சிகரங்களைக் கண்ட ஆங்கிலேயர் இட்ட பெயர் அது. உள்ளூரார் அதைத் தும்பறை மலைத்தொடர் என்பர். அதன் உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,906 மீற்றர் உயரமுடையது.

வெப்பத்தை மட்டும் பார்த்தால், இங்கே பருவம் என்று சொல்ல அதிகம் இல்லை என்பது உண்மையே. கண்டி நகரில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வேறுபாடு மூன்று பாகை செல்சியஸ் அளவே; ஒரே நாளின் பகலுக்கும் இரவுக்கும் இடையிலான வேறுபாடு அதைவிட இரண்டு, மூன்று மடங்கு மிகுதி. ஜெர்மன் புவியியலாளர் கார்ல் ட்ரோல் அயனமண்டல மலைகளின் தட்பவெப்பத்தை ஆராய்ந்தபோது இந்த இயல்பையே அவற்றின் அடிப்படைக் குணமாகக் கொண்டார். குளிர்காலமும் கோடைகாலமும் நாள்தோறும் வந்துபோகும் இடத்தில், ஆண்டைப் பிரித்துக் காட்டும் வேலையைக் காற்றே ஏற்றுக்கொள்கிறது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்காகப் பகுக்கிறது: மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாம் இடைப்பருவமழைக் காலம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவமழைக் காலம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. தமிழ் இலக்கண மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறாகப் பகுத்து, அவற்றுள் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சி நிலத்துக்கு உரியவையாக வைத்தது. ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே நிற்பவருக்கு இவ்விரு பகுப்புகளுமே பொருந்துகின்றன. ஆயினும் இரண்டும் சொல்லாத ஒன்றை இந்த மலை சொல்கிறது. ஒரே நாளில், ஒரே மலைமுகட்டின் இரு பக்கங்களில், இரு பருவங்கள் நிலவ முடியும் என்பதே அது.

இதற்குக் காரணம் மலையின் கிடப்பு. தும்பறை மலைத்தொடர் இலங்கையின் மத்திய மலைத்திரளோடு ஒட்டாமல், மகாவலி ஓடும் தும்பறைப் பள்ளத்தாக்கினால் பிரிக்கப்பட்டு, வடகிழக்கே தனித்து நிற்கிறது. இரு பருவக்காற்றுகளுக்கும் அது குறுக்கே கிடப்பதால், தென்மேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தை மேற்குச் சரிவுகளும், வடகீழ்க் காற்று கொண்டுவரும் ஈரத்தைக் கிழக்குச் சரிவுகளும் தனித்தனியே பறித்துக்கொள்கின்றன. ஈரத்தை இழந்த காற்று மறுபக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி, வறண்ட காற்றாக மாறுகிறது. அவ்வாறு மழை மறைக்கப்படும் சரிவையே புவியியலார் மழைமறைவுப் பகுதி என்பர். ஆண்டுக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் ஈர வலயம், 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாகப் பெறும் உலர் வலயம், இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள இடை வலயம் என்று இலங்கையின் நிலம் மூன்றாகப் பகுக்கப்படுகிறது. இந்த மலைத்தொடரைச் சுற்றியும் ஊடாகவும் ஒரு நாள் பயணம் செய்வோர் அம்மூன்றையும் கடந்துவிடுகிறார்கள். தீவு முழுவதும் விரிந்து கிடக்கும் வேறுபாடுகளை ஒரே மலைக்குள் சுருக்கி வைத்திருப்பதே தும்பறையின் தனிச்சிறப்பு.

இளவேனிலும் இடியும்

மாசியின் வறட்சியில் மங்கிக்கிடந்த மலைக்கு ஆண்டின் முதல் ஈரம் காற்றோடு வருவதில்லை, இடியோடு வருகிறது. மார்ச் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் முழுவதும் காலைகள் தெளிவாக விடிந்து, நண்பகலில் வெப்பத்தால் எழும் ஈரக்காற்று முகடுகளின்மேல் கருமுகிலாகத் திரண்டு, பிற்பகல் மூன்று நான்கு மணியளவில் மின்னலோடு கொட்டித் தீர்த்து, அந்தியில் மீண்டும் வெளித்துவிடுகிறது. வானிலையியலார் இதை வெப்பச்சலன மழை என்பர். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு திரும்புவோர் குடையை மறவாமல் எடுத்துச் செல்வதும் இந்தப் பிற்பகல் மழைக்காகத்தான்.

இந்த மழைகளுக்கு முதலில் விடையளிப்பது கோப்பிச் செடி. வீட்டுத்தோட்டங்களின் ஓரங்களிலும் கைவிடப்பட்ட பழைய தோட்டங்களிலும் எஞ்சி நிற்கும் செடிகள், வறண்ட மாதங்களில் மொட்டுகளை இறுக மூடி வைத்திருந்து, நல்ல மழை ஒன்று நனைத்த எட்டுப் பத்து நாட்களில் கிளை முழுவதும் ஒரே வேளையில் வெள்ளையாகப் பூத்துவிடுகின்றன. மல்லிகையை நினைவூட்டும் அதன் மணம் வீதிவரை வரும். பூவோ இரண்டு மூன்று நாளில் பழுப்பேறி உதிர்ந்துவிடும். தேயிலைக்கும் இதுவே பெருவிளைச்சலின் தொடக்கம். ஈரமும் வெயிலும் மாறி மாறிக் கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து வேகமாக வளர்வதால், பறித்த மலைக்குத் தொழிலாளர் மீண்டும் திரும்பும் இடைவெளி குறுகுகிறது, மடுவத்தில் நிறுக்கும் கூடையின் எடை கூடுகிறது. பயணிகளுக்குப் பசுமையாகத் தெரியும் மாதம் தொழிலாளிக்கு முதுகு ஒடியும் மாதம் என்பதையும், அதே வேளையில் வருமானம் சற்றே நிமிரும் மாதம் என்பதையும் சேர்த்தே அறிய வேண்டும்.

கச்சான் வீசும் கணவாய்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரேக்குச் செல்லும் வீதி, கோர்பெட் கணவாய் என்னும் இடத்தில் முகட்டைக் கடக்கிறது. இந்த நிலத்தின் பருவங்களைச் சுவைக்க விரும்புவோர் ஓர் இடத்தை மட்டுமே பார்க்க முடியும் என்றால், அது இதுவாகவே இருக்க வேண்டும்; ஒரு காலத்தை மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அது சுற்றுலாக் கையேடுகள் தவிர்க்கச் சொல்லும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான காலமாகவே இருக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவக்காற்று தீவின் மேற்குக் கரையில் மே மாத இறுதியில் ஏறும்போது, அதன் பெருமழை கினிகத்தேனை, வட்டவளைப் பக்கங்களில் இறங்கிவிடுவதால், ஹுன்னஸ்கிரியவுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தூறலும் மூடுபனியும் ஓயாத காற்றுமே ஆகும். டீன்ஸ்டனில் உள்ள வனப் பாதுகாப்பு நிலையத்தைக் கடக்கும்போது மரங்கள் சொட்டிக்கொண்டிருக்கும். வீதியோரப் பாறைகளில் பாசி தடித்திருக்கும். பத்து அடிக்கு அப்பால் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டுமே தெரியும். வண்டி கணவாயில் ஏறி நின்றதும், பின்னாலிருந்து தள்ளும் காற்றில் முகில் கிழிந்து, முகட்டைத் தாண்டிய சிறிது தொலைவிலேயே கரைந்து மறைந்துபோவதைக் கண்ணாரக் காணலாம். அப்பால் கீழே, மீமுரேப் பள்ளத்தாக்கு வெயிலில் கிடக்கும். லக்கேகலை மலை கூரிய முனையோடு நீலவானில் நிமிர்ந்து நிற்கும். இராவணனின் வானூர்தி கிளம்பிய இடம் அதுவென்று கிராமத்தார் வழிவழியாகச் சொல்லும் கதையை நம்பாதவரும், அந்த நேரத்தில் அந்த மலையைப் பார்த்தால், கதை ஏன் அங்கே போய்த் தங்கியது என்பதை உணர்வர். மேலே கார்காலமும் கீழே முதுவேனிலும் ஒரே நேரத்தில் நிலவ, இரண்டுக்கும் நடுவே சில நூறு மீற்றர் வீதி மட்டுமே கிடக்கும் இந்தக் காட்சிக்கு இணையானது இலங்கையில் மிகக் குறைவு.

முகட்டைத் தாண்டி இறங்கும் இந்த வறண்ட காற்றைக் கிழக்கிலங்கைத் தமிழர் கச்சான் என்பர். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் உடலை வாட்டும் அதே கச்சான் இந்த மலைகளைத் தாண்டித்தான் அங்கே போகிறது. ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும்போது தேயிலைத் துளிர் வளர்ச்சி குன்றி, இலையில் மணச்சத்துகள் செறிவதால், அக்காலத் தேயிலை உலகச் சந்தையில் தனி மதிப்புப் பெறுகிறது. கண்டிப் பகுதியின் நடுத்தர உயரத் தேயிலைக்கு அந்தச் சிறப்புக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட, குளிர்ந்த நாட்களில் வாய்க்கிறது. இரண்டு இடங்களிலும் மழை குறைந்து செடி சற்றே துன்புறும் காலமே சுவை கூடும் காலமாக இருப்பது கவனத்துக்கு உரியது. ஏனெனில் அந்தக் காலத்தில் கொழுந்தின் அளவு குறைவதால், தேநீரைச் சுவைப்போர் கொண்டாடும் பருவம் பறிப்போருக்கு வேலை நாட்கள் சுருங்கும் பருவமாகிவிடுகிறது.

காற்றின் கைவண்ணத்தை முகட்டு மரங்களிலும் பார்க்கலாம். உயர்ந்து வளரக்கூடிய இனங்களே இந்த முகடுகளில் ஆளுயரத்துக்கும் குறைவாகக் குறுகி, கிளைகள் பின்னிப் பிணைந்து, இலைகள் சிறுத்துத் தடித்து, குள்ளக்காடாக நிற்கின்றன. அதற்குக் கீழே மேகக்காடு தொடங்குகிறது. மழை பெய்யாத நாட்களிலும் முகில் தவழ்வதால், இந்தக் காட்டு மரங்களின் இலையிலும் பாசியிலும் படியும் நுண்துளிகள் திரண்டு சொட்டி மண்ணுக்கு நீரூட்டுகின்றன. மழைமானியில் பதிவாகாத இந்த நீரே வறண்ட மாதங்களிலும் ஓடைகளை வற்றவிடாமல் காக்கும் காரணங்களுள் ஒன்று. தும்பறை மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத இலைமூக்கு ஓணான் இந்தக் காடுகளிலும் அவற்றை ஒட்டிய ஏலத் தோட்டங்களிலும் வாழ்கிறது. மூக்கின் நுனியில் இலைபோன்ற தசைமடல் கொண்ட அந்தச் சிற்றுயிர், பிரித்தானியக் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்டின் பெயரை அறிவியலில் தாங்கியுள்ளது. அசையாமல் கிளையோடு கிளையாக ஒட்டியிருப்பதால், பொறுமையோடு நின்று பார்ப்பவருக்கே அது தென்படும்.

ஆடி, ஆவணி மாதங்களில் கிழக்குச் சரிவு காய்ந்து நிற்கும்போது மற்றொரு காட்சியும் உண்டு. அது மகிழ்ச்சிக்குரியது அன்று. பத்தனை என்று அழைக்கப்படும் மலைப்புல்வெளிகளில் மனிதர் வைக்கும் தீ, கச்சான் காற்றில் கட்டுக்கடங்காமல் பரவி, காட்டின் விளிம்பை ஆண்டுதோறும் உள்நோக்கித் தள்ளுகிறது. புதுப்புல் முளைக்கட்டும் என்று வைப்பதும், வேட்டைக்காக வைப்பதும், பொறுப்பின்றி அணைக்காமல் விடும் கூடாரத் தீயும் இதற்குக் காரணங்கள். எரிந்த சரிவில் விழும் முதல் ஐப்பசி மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போகிறது. ஒரு பருவத்தின் கவனக்குறைவுக்கு அடுத்த பருவம் வட்டியோடு கணக்குத் தீர்க்கும் இந்த உண்மையை மலைவாசிகள் நன்கறிவர்; வந்துபோவோர் அறிவதில்லை.

கீழே கண்டி நகரில் இதே காலத்தில் எசல பெரஹெர நடக்கிறது. மழை வேண்டும் சடங்குகளில் அதன் வேர் இருப்பதும், விழாவின் நிறைவில் கெட்டம்பேயில் மகாவலி நீரை வெட்டி எடுக்கும் சடங்கு நிகழ்வதும், மலைநாட்டின் அரசும் வழிபாடும் பருவத்தோடு எவ்வளவு பிணைந்திருந்தன என்பதற்குச் சான்றுகள். புரட்டாசியை ஒட்டி ஈரமான புல்வெளிகளில் பினர மலர்கள் ஊதாவாக விரியத் தொடங்கும்போது கச்சானின் ஆட்சி முடிகிறது.

கூதிர்

ஐப்பசியில் காற்று திசை தடுமாறி ஓய்கிறது. மீண்டும் பிற்பகல் இடிமழை; ஆனால் இம்முறை வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கங்களும் புயல்களும் சேர்ந்துகொள்வதால், சில வேளைகளில் நாட்கணக்கில் மழை விடுவதில்லை. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்க் காற்று நிலைபெற்றதும் பழைய காட்சி தலைகீழாகிறது. மீமுரேப் பக்கம் இப்போது நனைகிறது. ஹீன் கங்கை நுரைத்து ஓடுகிறது. அருவி என்று எவரும் பெயரிடாத இடங்களிலெல்லாம் பாறைமீது வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. படிக்கட்டு வயல்களில் பெரும்போகத்துக்கு நாற்று நடப்படுகிறது. பெரும்போகம் என்பது வடகீழ் மழையை நம்பிச் செய்யப்படும் நெற்செய்கை. தென்மேற்கு மழைக்காலத்தில் செய்யப்படுவது சிறுபோகம். காட்டுப் பாதைகளில் அட்டைகள் பெருகும். காலுறைமீது சவர்க்காரத்தை உலர்வாகத் தேய்த்துக்கொண்டு நடப்பது அனுபவமுள்ளோர் வழக்கம்.

இந்தப் பருவத்தின் அழகைப் பேசும்போது அதன் அச்சத்தைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. 2025 நவம்பர் இறுதியில் தீவைத் தாக்கிய டிட்வா புயல், மலைநாட்டில் பெருமழையையும் மண்சரிவுகளையும் உண்டாக்கியபோது, மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. செங்குத்தான சரிவும், ஆழமாக உக்கிய மண்ணும், மரம் வெட்டப்பட்ட நிலமும், வடிகால் அடைபட்ட வீதியோரமும் ஒன்றுசேரும் இடத்தில் நீர் மண்ணுக்குள் நிறைந்து, மண் தன் பிடிப்பை இழக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருபத்துநான்கு மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்புநிலையையும், 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் எச்சரிக்கையையும், 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுமாறு அறிவுறுத்தலையும் விடுப்பதை வழக்கமாகக் கொண்டுள்ளது. சரிவுக்கு அடியிலும் ஓடைக்கரையிலும் வெட்டித் தட்டையாக்கிய நிலத்தில் கட்டப்பட்ட தோட்ட லயங்களில் வாழ்வோருக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. வெளியேறச் சொல்வது எளிது. வெளியேறிப் போய் நிற்க உரிமையுள்ள நிலம் அவர்களில் பலருக்கு இன்னும் கொடுக்கப்படவில்லை என்பதே உண்மையான இடர்.

அந்த மக்கள் இந்த மலைகளுக்கு வந்த கதையே பருவத்தின் கதைதான். 19ஆம் நூற்றாண்டில் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது, கோப்பிப் பழம் ஆண்டில் குறிப்பிட்ட சில மாதங்களில் மட்டுமே பழுப்பதால், ஆண்டு முழுவதும் ஆட்கள் தேவைப்படவில்லை. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்து, பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் பசிக்கும் பலியானவர்கள் மிகப் பலர். 1869இல் இலங்கையில் தோன்றிய கோப்பி இலைத்துரு நோய் அடுத்த சில பத்தாண்டுகளில் அத்தொழிலை அழித்துவிட, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் முதலில் பயிரிட்ட அந்தச் செடி, கோப்பியைப் போல் ஒரு பருவத்துக்குப் பழுக்கும் செடி அன்று. பன்னிரண்டு மாதமும் துளிர்ப்பது. ஆகவே பருவத்துக்கு வந்துபோன உழைப்பாளர் குடும்பத்தோடு நிலைத்துத் தங்கும் சமூகமானார்கள். மலையகத் தமிழர் என்னும் மக்கட்பிரிவின் தோற்றத்துக்கு அரசியலும் வணிகமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. அவற்றோடு, இரண்டு செடிகளின் விளைச்சல் காலத்திலுள்ள வேறுபாடும் ஒரு காரணம் என்பதை வரலாறு எழுதுவோர் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தனை தலைமுறைகளாக ஒவ்வொரு பருவக்காற்றையும் முதுகில் தாங்கி, மழைக்குப் படங்கும் பனிக்குக் கம்பளியும் சுற்றிக்கொண்டு மலையேறியவர்களுக்கு அந்த மலையில் ஒரு துண்டு உறுதியான நிலம் கொடுப்பதைக் காட்டிலும் அவசரமான கடமை இந்த நாட்டுக்கு அதிகம் இல்லை.

முன்பனியும் பின்பனியும்

தை பிறந்த பின்னர் மழை மெல்ல மெல்ல இடைவெளி விடுகிறது. இரவு வானம் தெளிவதால் நிலத்தின் வெப்பம் விரைவில் வெளியேறி, விடியலில் பள்ளத்தாக்குகளில் குளிர்காற்று தேங்கி, விக்டோரியா நீர்த்தேக்கத்தின்மேல் வெண்மூட்டம் படுத்துக் கிடக்கும். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலேயுள்ள வளைவுகளில் நின்று பார்ப்போருக்கு முகில் காலுக்குக் கீழே இருக்கும். வெயில் ஏற ஏற அது கலைந்து சரிவுகளில் ஏறி வரும். கராம்பு மரங்களில் டிசம்பரில் தொடங்கிய அரும்பு பறிப்பு ஏப்ரல் வரை தொடர்வதால், வீட்டு முற்றங்களில் பாய்மீது உலரும் கராம்பின் காரமான மணம் இம்மாதங்களின் அடையாளமாகிவிடுகிறது. மலையேற்றத்துக்குப் பலரும் தேர்ந்தெடுக்கும் காலமும் இதுவே. டீன்ஸ்டனிலிருந்து தொடங்கும் தோத்தலுகலைப் பாதையில் நடப்போருக்குத் தொலைவு மிகத் தெளிவாகத் தெரிவது இப்போதுதான்.

வறண்ட மாதங்களின் இந்தத் தெளிவு அரசுகளின் விதியையும் எழுதியிருக்கிறது. 1803இல் கண்டியைக் கைப்பற்றிய ஆங்கிலேயப் படை, மழைக்காலத்து நோயாலும் கண்டியரின் தாக்குதலாலும் அவ்வாண்டு ஜூனிலேயே அழிந்தது. 1815இல் அவர்கள் வறண்ட ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் படை நடத்தினார்கள். நாயக்க வழிவந்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் தும்பறை மலைகளில் அடைக்கலம் தேடி, பெப்ரவரி 18ஆம் திகதி மெதமகாநுவரவுக்கு அருகே பிடிபட்டு, பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். ஹுன்னஸ்கிரியவுக்குச் செல்வோர் அந்த இடத்தைக் கடந்தே செல்கிறார்கள்.

மாசியில் மூன்றாம் பிறை கண்டு கம்பம் நட்டு, பௌர்ணமியில் காமனை எரிக்கும் காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் இரவு முழுவதும் ஆடப்படுவதற்கு, திறந்த வெளியில் நனையாமல் விழித்திருக்க உதவும் இந்த ஈரமற்ற இரவுகள் துணைநிற்கின்றன. பங்குனி நெருங்கும்போது வறட்சி முற்றுகிறது. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரம், நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் வெளியே வருகிறது. சேறு படிந்த சுவர்களுக்கும் பழைய வீதிக்கும் நடுவே, அங்கே பிறந்தவர்கள் தம் பிள்ளைகளை அழைத்துவந்து, கடை இருந்த இடத்தையும் வீடு இருந்த இடத்தையும் கைகாட்டுகிறார்கள். வறட்சி இத்தகைய ஒரு கொடையும் தருகிறது.

காக்கப்படும் முகடுகள்

இத்தனை பருவ வேறுபாடும் நிலைத்திருப்பது மேலே காடு நிற்பதால்தான் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே சிலர் உணர்ந்திருந்தார்கள். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் கருத்தைத் தொடர்ந்து, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தட்பவெப்பக் காரணத்துக்காகக் காக்கும் முடிவு எடுக்கப்பட்டது. நிழல் மரங்களை மட்டும் விட்டுவிட்டு அடிக்காட்டைத் துப்புரவாக்கி ஏலம் பயிரிடும் வழக்கம் பிற்காலத்தில் காட்டின் மறுபிறப்பைத் தடுத்ததால், அதுவும் கட்டுப்படுத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பகுதி, 2010இல் சிவனொளிபாதமலைச் சரணாலயம், ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கே பிறக்கும் ஆறுகள் விக்டோரியாவுக்கும், வடக்கே 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கத் திட்டத்துக்கும் நீரளித்து, தொலைவிலுள்ள உலர்வலய வயல்களை விளைவிக்கின்றன. பொலன்னறுவைப் பக்கத்து உழவர் ஒருவருக்குத் தும்பறை மலையின் பருவம் பிழைக்காமல் இருப்பது, அம்மலையைப் பார்க்க வருவோருக்கு இருப்பதைவிட மிகவும் முக்கியமானது.

ஹுன்னஸ்கிரியவுக்குப் போக எது நல்ல மாதம் என்று கேட்போருக்கு ஒரே மாதத்தைச் சொல்வது இந்த மலைக்கு நீதியாகாது. இயன்றவர்கள் ஜூலையில் ஒருமுறையும் தை மாதத்தில் ஒருமுறையும் போக வேண்டும். இரண்டு முறையும் கோர்பெட் கணவாயில் வண்டியை நிறுத்தி, இறங்கி, இரு பக்கமும் பார்க்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரை செல்ல நினைப்போர் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே கிளம்புக. வனத்துக்குள் நுழைய டீன்ஸ்டனில் அனுமதிச்சீட்டு எடுத்து, வழிகாட்டியாக அந்தக் கிராமத்தவர் ஒருவரையே அமர்த்திக்கொள்க; பத்தனையில் தீ மூட்டாதீர்; கொண்டுசென்ற பிளாஸ்டிக்கை ஊருக்கே திருப்பிக் கொண்டுவருக. திரும்பும் வழியில் கடைத்தெருவில் வாங்கும் கராம்பும் மிளகும் அந்த மலையில் விளைந்தவைதானா என்று கேட்டு வாங்கினால், செலவழிக்கும் பணம் அந்த மழையிலும் காற்றிலும் உழைத்தவர் கைக்கே போய்ச் சேரும்.